அரூப ஓவியமும் ஆறு பச்சையும்

கும்பகோணம். ஜூலை மாத மத்தியானம். மோட்டாருக்கு ஃபுட் வால்வு வாங்க வந்த மாமாவும் மாப்பிள்ளையும், பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருப்பதால், மகாமகக் குளத்துக்குப் பக்கத்தில் ஏசி ஓடும் ஒரு கூடத்துக்குள் நுழைகிறார்கள். உள்ளே அரூப ஓவியக் கண்காட்சி. (ஏசி இல்லாவிட்டால் நம் ஊரில் பாதிக் கலை ஆளில்லாமல்தான் கிடக்கும்.)

மாமா: என்ன மாப்பிள்ளை, சுவருக்கு எந்த பெயின்ட் என்று இன்னும் முடிவு பண்ணவில்லையா? அங்கங்கே தடவிப் பார்த்திருக்கிறார்களே.

மாப்பிள்ளை: மெதுவாப் பேசுங்க மாமா. அதுதான் படமே. அரூப ஓவியம். கவின் கலைக் கல்லூரியில் படிக்கிறானே என் சித்தி பையன், அவன் நிறையச் சொல்லியிருக்கிறான். உருவம் எதுவும் இருக்காது.

மாமா: ரூபம் இல்லை, சரி. கீழே ரூபா மட்டும் போட்டிருக்கிறதே, ஒன்றரை லட்சம்?

மாப்பிள்ளை: சிதம்பரத்தில் திரையை விலக்கினால் என்ன இருக்கிறது? வெறும் வெளிதானே. கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்தீங்களே.

மாமா: அங்கே தங்க வில்வ மாலையாவது தொங்குகிறது. இந்த ஆளுக்கு மனுசன் முகம் வரைய வராது போலிருக்கு. அதான் கோடு இழுத்துத் தப்பித்துக்கொண்டார்.

மாப்பிள்ளை: அப்படிச் சொல்லாதீங்க. துறையூர்ப் பக்கத்துக்காரர் ஆதிமூலம், காந்தியை மட்டும் நூறு கோட்டோவியம் போட்டவர். அப்புறம்தான் இந்தப் பக்கம் வந்தார்.

மாமா: அப்போ தெரிந்தேதான் செய்கிறார்கள்.

மாப்பிள்ளை: ஒன்றரை லட்சத்துக்கே வாயைப் பிளக்கறீங்க. கெய்தொண்டே என்று ஒருவர். அவர் 1961இல் வரைந்த படம் 2021இல் 39.98 கோடிக்கு ஏலம் போனது.

மாமா: கோடியா! படத்துக்கு என்ன பேர்?

மாப்பிள்ளை: தலைப்பில்லை.

மாமா: சர்வே நம்பர் இல்லாத நிலத்தை 40 கோடிக்கு எப்படிய்யா கிரயம் பண்ணினான்? சரி, இது எது தலை, எது கால்?

மாப்பிள்ளை: அதில் பெரிய இடத்திலேயே ஏமாந்திருக்கிறார்கள். நியூயார்க் மியூசியத்தில், மத்தீஸ் என்கிற பிரெஞ்சு ஓவியரின் படம் ஒன்று, படகும் தண்ணீரில் அதன் நிழலும், 1961இல் 47 நாள் தலைகீழாகத் தொங்கியது.

மாமா: 47 நாளா? நட்ட பயிர் தூர் கட்டியே முடித்திருக்குமே! ஒருத்தன்கூடவா பார்க்கவில்லை?

மாப்பிள்ளை: பார்க்க வந்த ஒரு அம்மாதான் கண்டுபிடித்தார்.

மாமா: அப்படித்தான். நம் வயல் களை நமக்குத் தெரியாது, வரப்பில் போகிறவனுக்குத்தான் தெரியும். (மூன்றாவது படத்தின் முன் சட்டென்று நிற்கிறார்.) மாப்பிள்ளை, இங்கே வா. இது இலை வண்ண அட்டை!

மாப்பிள்ளை: என்னது?

மாமா: பச்சைப் பட்டை ஆறு. வெளிறியதிலிருந்து கரும்பச்சை வரை. பயிருக்கு யூரியா போடலாமா வேண்டாமா என்று பார்க்க, வேளாண்மை ஆபீஸில் கொடுத்தார்களே, அதேதான். என் வீட்டு எரவாணத்தில் செருகியிருக்கிறது. இங்கே 2 லட்சமா?

மாப்பிள்ளை: அது அட்டை, இது கேன்வாஸ்.

மாமா: இரு. வெளிச்சம் நேராக விழுந்தால் நிறம் ஏமாற்றும். உடம்பால் மறைத்துக்கொண்டுதான் பார்க்கணும்.

(படத்துக்கும் விளக்குக்கும் நடுவில் போய் நிற்கிறார். போதாமல் தோள் துண்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடிக்கிறார். மேசையில் இருந்த பெண் எழுந்துவிட்டது. காலையிலிருந்து வந்தவர்கள் எல்லாம் படத்துக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுத்துக்கொண்டு போனவர்கள்தான்.)

மாப்பிள்ளை: மாமா, அந்தப் பொண்ணு பார்க்குது.

மாமா: பார்க்கட்டும். மூன்றாவது பட்டை கச்சிதம். வெள்ளைப் பொன்னிக்கு இதற்குக் கீழே இறங்கினால்தான் யூரியா. இந்த ஆள் வயலில் இறங்கியவர்தான். வீட்டில் உட்கார்ந்து இந்தப் பச்சை வராது.

மாப்பிள்ளை: முகம் வரைய வராது என்றீங்களே?

மாமா: அது வாசல் படத்தைப் பார்த்துச் சொன்னது. அடுத்ததைப் பார். பச்சைக்கு நடுவில் வட்டமாக, தீய்ந்துபோன வைக்கோல் நிறம். எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

மாப்பிள்ளை: அதைத்தான் மாமா உணர்வு என்பார்கள்.

மாமா: உணர்வும் இல்லை, ஒன்றும் இல்லை. இது புகையான், நெல்லில் சாறு உறிஞ்சுகிற பூச்சி. போன சம்பாவில் வாய்க்காலடி வயலில் விழுந்ததே, இதே வட்டம். விட்டால் நாலே நாளில் பக்கத்துப் படத்துக்கும் போய்விடும்.

மாப்பிள்ளை: பஸ் வந்துடும், வாங்க. இந்த நோட்டில் கருத்து எழுதணுமாம். ‘அருமை’ என்று போட்டுவிட்டுக் கிளம்பலாம்.

(மாமா நோட்டை வாங்கி, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நிறுத்தி நிதானமாக எழுதுகிறார்.)

மாப்பிள்ளை: என்ன மாமா, ஒரு பக்கத்துக்குப் போகிறது?

மாமா: (படிக்கிறார்) “மூன்றாம் படம் நன்றாகத் தேறியிருக்கிறது. நான்காம் படத்தில் புகையான். தண்ணீரை உடனே வடிக்கவும். யூரியா கூடாது.”

மாப்பிள்ளை: ஐயோ, பேர் எதுவும் போட்டுடாதீங்க!

மாமா: போன் நம்பரே போட்டுவிட்டேன். சந்தேகம் இருந்தால் கேட்பார், பாவம்.