பழுதான சரக்கு

(மேற்கு லண்டன், ஆக்டன். அறக்கட்டளை ஒன்று நடத்தும் பழைய பொருள் கடை. கவுண்டரில் ஓர் இளைஞர். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மையார் அவரிடம் பேச ஆரம்பித்துவிட்டார்.)

அம்மையார்: தம்பி, நேற்று இந்த டிவிடியை இங்கேதான் வாங்கினேன். இரண்டு பவுண்ட். பழுதாக இருக்கிறது. பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

இளைஞர்: கீறல் விழுந்திருக்கிறதா அம்மா? சரியாக ஓடவில்லையா?

அம்மையார்: டிவிடி நன்றாகத்தான் ஓடுகிறது. அதில் நடிக்கிறவர்களுக்குத்தான் ஒன்றும் ஓடவில்லை. ஒருவருக்கு வசனம் மறந்துவிட்டது. இன்னொருவர் கதவைத் திறக்கப் போனார், கைப்பிடி கையோடு வந்துவிட்டது. மூன்றாமவர் வாயைத் திறப்பதற்கு முன்பே சிரித்துவிட்டார். ஒன்றரை மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்திருந்தேன், ஒரு காட்சிகூட முடிந்த பாடில்லை.

இளைஞர்: (தட்டைத் துணியால் துடைத்தபடி) ப்ளேயரில் தூசி இருந்தாலும் இப்படித்தான் நின்று நின்று வரும்.

அம்மையார்: 'மன்னிக்கவும், மறுபடி முதலிலிருந்து போகலாமா' என்று தூசி கேட்குமா?

இளைஞர்: (உறையைப் பார்த்துவிட்டு) ஓ, இதுவா! அம்மா, இது அப்படித்தான் இருக்கும். பழைய நகைச்சுவைத் தொடர்களின் படப்பிடிப்பில் நடந்த தவறுகளை மட்டும் சேர்த்திருக்கிறார்கள். நல்லபடியாக வந்ததையெல்லாம் எடுத்துவிட்டு, மிச்சத்தை...

அம்மையார்: மிச்சத்தை என் தலையில் கட்டியிருக்கிறீர்கள்.

இளைஞர்: உறையிலேயே எழுதியிருக்கிறதே அம்மா.

அம்மையார்: எங்கே?

இளைஞர்: இதோ, கீழே மூலையில். விலைச்சீட்டுக்கு அடியில்.

அம்மையார்: நடிகர்களின் முகம் உள்ளங்கை அளவு. தொடர்களின் பெயர் விரல் உயரம். தவறுகள் மட்டும் என்கிற செய்தி எறும்பு அளவு, அதன் மேலும் உங்கள் விலைச்சீட்டு. அதைப் படிக்கிற கண் இருந்தால் நான் ஏன் வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்கிறேன்?

இளைஞர்: ஆனால் இதைத்தான் எல்லோரும் தேடி வாங்குகிறார்கள். பார்க்க வேடிக்கையாக இருக்குமே!

அம்மையார்: அதாவது, பழுதான சரக்கு என்று தெரிந்தே விற்கிறீர்கள்.

இளைஞர்: சரக்கில் பழுது இல்லை அம்மா. பழுதுதான் சரக்கு.

அம்மையார்: நல்லது. அப்படியானால் சென்ற மாதம் உங்களிடம் வாங்கிய டோஸ்டரும் சரியாகத்தான் இருக்கிறது. ரொட்டியைக் கரியாக்கி, கூரையை நோக்கி எறிகிறது. பார்க்க மிகவும் வேடிக்கை.

இளைஞர்: அதையும் இதையும் சேர்க்கக் கூடாது. இது ஒரு மரபு அம்மா. அந்தக் காலத்தில் டெனிஸ் நார்டன் என்று ஒருவர் இருந்தார், கையில் கிளிப்போர்டு வைத்துக்கொண்டு...

அம்மையார்: எனக்கே சொல்கிறீர்களா? 1977இல் ஐடிவி தொலைக்காட்சியில் அவருடைய 'இட்'ல் பி ஆல்ரைட் ஆன் த நைட்' தொடங்கியபோது பார்த்தவள் நான். 2006 வரை அந்த மனிதர் அதை நடத்தினார். ஒரு பாவமும் அறியாதவர்போல நின்று இரண்டு வாக்கியம் சொல்வார், பிறகு ஓர் உளறலைக் காட்டுவார். அந்த இரண்டு வாக்கியத்துக்காகப் பார்த்தேன். அவற்றை உளறாமல் சொல்வார். பிபிசி 14 ஆண்டு யோசித்துவிட்டு, 1991இல் டெரி வோகன் என்ற தொகுப்பாளரை வைத்து 'ஆன்ட்டீஸ் ப்ளூமர்ஸ்' என்று அதேபோல ஒரு கடை விரித்தது.

இளைஞர்: பார்த்தீர்களா? நீங்களே ரசித்திருக்கிறீர்கள்!

அம்மையார்: அப்போது ஒழுங்கான நிகழ்ச்சியையும் பார்த்திருந்தோம் தம்பி. ஒரு நடிகர் சரியாகச் செய்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்தவனுக்குத்தான் அவர் தடுமாறும்போது சிரிப்பு வரும். ஒரு ஹோட்டலில் நடக்கும் நகைச்சுவைத் தொடர், 'ஃபால்ட்டி டவர்ஸ்', பார்த்திருக்கிறீர்களா?

இளைஞர்: ஓ, நிறைய.

அம்மையார்: எத்தனை?

இளைஞர்: நூறு, நூற்றைம்பது இருக்கும்.

அம்மையார்: மொத்தமே 12 பகுதிதான். 1975இல் ஆறு, 1979இல் ஆறு.

இளைஞர்: நான் பார்த்தது... கைப்பேசியில் வரும் துண்டுகள்.

அம்மையார்: 12ஐ நறுக்கி 150 ஆக்கியிருக்கிறார்கள். இந்த வித்தை அந்த ஹோட்டல் முதலாளி பேசிலுக்கே தெரியாமல் போய்விட்டது.

(எனக்குப் பின்னால் விளக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு நின்றவர் தொண்டையைச் செருமினார். யாரும் திரும்பவில்லை. நானும் திரும்பவில்லை.)

இளைஞர்: உங்களுக்கு எப்படி இவ்வளவும் தெரியும்?

அம்மையார்: இதே ஆக்டனில்தான் பிபிசியின் ஒத்திகைக் கட்டடம் இருந்தது. 'ஆக்டன் ஹில்டன்' என்று கேலியாகச் சொல்வார்கள். மேல் மாடியில் கேன்டீன். அங்கே தட்டில் உருளைக்கிழங்கு வைத்தவள் நான். கீழே தரையில் வண்ண டேப்பை ஒட்டி, இதுதான் கதவு, இதுதான் படிக்கட்டு என்று வைத்துக்கொண்டு ஒரே வசனத்தை நாள் கணக்கில் சொல்லிப் பார்ப்பார்கள். சாப்பாட்டு வரிசையிலும் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். ஒருவர் 'உப்பு வேண்டும்' என்றார். நன்றாக நடிக்கிறார் என்று நினைத்தேன். மூன்றாவது முறை கத்தினார். அப்போதும், இந்த முறை இன்னும் நன்றாக வந்தது என்றுதான் சொன்னேன்.

இளைஞர்: அவ்வளவு ஒத்திகைக்குப் பிறகும் தவறு வருமா?

அம்மையார்: வரும். நடிகர் ஆர்தர் லோ வசனத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோகவே மாட்டார் என்பார்கள். 'டாட்ஸ் ஆர்மி' தொடரில் கேப்டன் மேன்வரிங்காக நடிக்கும்போது வசனம் நினைவுக்கு வராமல் இழுப்பாராம். கேப்டன் கம்பீரமாக யோசிக்கிறார் என்று நாடு முழுக்க ரசித்தது. அப்படிப்பட்ட தவறு என்றால் கொடுங்கள், இரண்டு பவுண்ட் தருகிறேன். இந்த டிவிடியில் இருப்பது என்ன? ஒருவர் சிரிக்கிறார். எதற்குச் சிரிக்கிறார் என்று தெரிவதற்குள் அடுத்தவர் சிரிக்கிறார்.

இளைஞர்: அவர்கள் சிரிப்பதைப் பார்த்தால் நமக்கும் சிரிப்பு வந்துவிடும், அவ்வளவுதான்.

அம்மையார்: சிரிப்பைப் பற்றி என்னிடம் பேசாதீர்கள். வுட் லேனில் டெலிவிஷன் சென்டர் இருந்ததே, அங்கே ஒளிப்பதிவு பார்க்க டிக்கெட் கொடுப்பார்கள். இலவசம். நாம் உட்கார்ந்து சிரிக்க வேண்டியதுதான். ஒரு நாள் நடிகருக்கு வசனம் மறந்துவிட்டது. விழுந்து விழுந்து சிரித்தோம். உடனே ஒருவர் முன்னால் வந்து, 'மறுபடி எடுக்கப் போகிறோம், இப்போதுதான் முதல் முறை கேட்பதுபோலச் சிரியுங்கள்' என்றார்.

இளைஞர்: சிரித்தீர்களா?

அம்மையார்: எனக்குக் கல்யாணமாகி இருபது ஆண்டு ஆகியிருந்தது தம்பி. ஒரே நகைச்சுவைக்கு முதல் முறை கேட்பதுபோலச் சிரிக்க எனக்குத் தனிப் பயிற்சி வேண்டியதில்லை.

இளைஞர்: (சிரித்துவிடுகிறார்)

அம்மையார்: கணக்கைக் கவனியுங்கள். என் பொய்ச் சிரிப்பு நாடு முழுக்க ஒளிபரப்பானது. என் உண்மையான சிரிப்பு உளறலோடு சேர்ந்து குப்பைக்குப் போனது. இந்த டிவிடியிலாவது அது இருக்கிறதா என்று ஒலியைக் கூட்டி வைத்துக் கேட்டேன்.

இளைஞர்: இருந்ததா?

அம்மையார்: இல்லை. அதுவும் பழுது.

இளைஞர்: சரி அம்மா, எப்படியோ இந்தத் தவறுகளையெல்லாம் இத்தனை ஆண்டு பத்திரமாக வைத்திருந்தார்களே. அதைப் பாராட்ட வேண்டாமா?

(அம்மையார் கைப்பையைக் கவுண்டர் மேல் வைத்தார். நான் கடிகாரம் பார்ப்பதை நிறுத்திக்கொண்டேன்.)

அம்மையார்: எதைப் பத்திரமாக வைத்தார்கள், எதை அழித்தார்கள் என்று தெரியுமா? 'டாட்ஸ் ஆர்மி' மொத்தம் 80 பகுதி. 1969இல் வந்த இரண்டாம் தொடரில் ஐந்தைக் காணவில்லை. 2001இல் இரண்டு திரும்பக் கிடைத்தன. மூன்று இன்றுவரை இல்லை. நகைச்சுவை நடிகர்கள் பீட்டர் குக், டட்லி மூர் இருவரும் சேர்ந்து 'நாட் ஒன்லி பட் ஆல்சோ' என்ற நிகழ்ச்சி செய்தார்களே, அதில் பெரும்பகுதி போய்விட்டது. டேப்புக்கு விலை கொடுத்து நானே வாங்கிக்கொள்கிறேன் என்று குக் கேட்டும் கொடுக்கவில்லை என்பார்கள்.

இளைஞர்: ஏன் அழித்தார்கள்?

அம்மையார்: இரண்டு அங்குல அகல டேப். விலை அதிகம். அழித்துவிட்டு அதன் மேலேயே வேறு எதையாவது பதிவு செய்வார்கள். அலமாரியிலும் இடம் இல்லையாம். ஆனால் டேப் அறையில் வேலை செய்த பொறியாளர்கள் கிறிஸ்துமஸ் விருந்தில் போட்டுப் பார்க்க உளறல்களை மட்டும் கமுக்கமாகத் தொகுத்து வைத்தார்கள். 1978இல் ஒரு முழுத் தொகுப்பு. அடுத்த ஆண்டு இன்னொன்று. நல்லதை அழிக்க உத்தரவு இருந்தது, உளறலை அழிக்க யாரும் உத்தரவு போடவில்லை. நான் அந்தப் பொறியாளர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களாவது எதையாவது வைத்திருந்தார்கள். மேலே இருந்தவர்களுக்கு எது சரக்கு, எது பழுது என்றே தெரியவில்லை.

இளைஞர்: அந்த பீட்டர் குக் நிகழ்ச்சியிலும் உளறல்கள் இருந்தனவா?

அம்மையார்: ஒளிபரப்பிலேயே இருந்தன! ஓவியக் கூடத்தில் இருவரும் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டே பேசும் காட்சி ஒன்று. குக் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் எதையாவது சொல்லி மூரை மாட்டிவிடுவார். மூர் வாயில் சாண்ட்விச்சை வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கப் படாத பாடு படுவார். அதை யாரும் வெட்டித் தனியாக விற்கவில்லை. அந்த நாளில் வெட்டுவதும் லேசு இல்லை. இரும்புத் தூள் கலந்த திரவத்தைத் தடவி, நுண்நோக்கியில் பார்த்து, பிளேடால் அறுக்க வேண்டும். அறுத்த டேப் மறுபடி உதவாது. அதனால் சின்னத் தவறு என்றால் கண்டுகொள்ள மாட்டார்கள். 1961இல் வந்த 'தி ப்ளட் டோனர்' பாருங்கள். கார் விபத்துக்குப் பிறகு அதில் நடித்த டோனி ஹான்காக்கால் வசனத்தை மனப்பாடம் செய்ய முடியவில்லை. எழுதி வைத்ததைப் படித்துக்கொண்டே நடித்தார். எதிரில் இருப்பவரிடம் பேசும்போது கண் வேறெங்கோ போகும். அதைத்தான் அவருடைய சிறந்த படைப்பு என்று இன்றும் சொல்கிறார்கள்.

இளைஞர்: இருங்கள், இதைப் பாருங்கள். (கைப்பேசியை நீட்டுகிறார்) 'ரெயின்போ' என்று குழந்தைகள் நிகழ்ச்சி. தவறிப்போய் முழுக்க இரட்டை அர்த்தத்தில் பேசிவிட்டார்கள். குழந்தைகள் பார்த்திருப்பார்கள், பாவம்!

அம்மையார்: ஒரு குழந்தையும் பார்க்கவில்லை. 1979இல் அதைத் தயாரித்த தேம்ஸ் டெலிவிஷன் நிறுவன ஊழியர்களின் கிறிஸ்துமஸ் டேப்புக்காக வேண்டுமென்றே எழுதி நடித்தது அது. இதையும் உளறல் என்று நம்பிச் சிரித்தீர்களா? பழுதிலும் கலப்படம்!

இளைஞர்: (கைப்பேசியை மெதுவாகப் பைக்குள் போட்டபடி) அப்படியானால், தவறே நடக்காததுதான் நல்ல நகைச்சுவை என்கிறீர்களா?

அம்மையார்: 'ஓன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ்' தொடர், 1982. சரவிளக்குக் காட்சி. அண்ணன் டெல்லும் தம்பி ராட்னியும் ஏணியில் ஏறி, ஒரு சரவிளக்குக்கு அடியில் துணியை விரித்துப் பிடித்திருக்கிறார்கள். மேல் மாடியில் தாத்தா திருகாணியைக் கழற்றுகிறார். பின்னால் இருந்த இன்னொரு சரவிளக்கு விழுந்து நொறுங்குகிறது. கதை ஆசிரியர் ஜான் சல்லிவனின் அப்பா சொன்ன உண்மைச் சம்பவம் அது. நொறுக்குவதற்கு ஒரு விளக்குதான் இருந்தது. இரண்டாவது டேக் கிடையாது. அவர்களாக நடித்த டேவிட் ஜேசனோ நிக்கலஸ் லிண்ட்ஹர்ஸ்டோ அரை நொடி முந்திச் சிரித்திருந்தால் எல்லாம் போச்சு. சிரிக்கவில்லை. விளக்கு விழுந்த பிறகு அந்த இரண்டு முகங்களையும் பாருங்கள். உங்கள் தொகுப்பில் அந்தக் காட்சி வருமா?

இளைஞர்: வராது. தவறு நடக்கவில்லையே.

அம்மையார்: அதைத்தான் சொல்கிறேன்.

இளைஞர்: ஆனாலும் யாராவது தடுக்கி விழுந்தால் சிரிக்காமல் இருக்க முடியுமா அம்மா?

அம்மையார்: 'ஃபால்ட்டி டவர்ஸ்' சமையலறையில் தீப்பிடிக்கும் காட்சி. ஹோட்டல் பரிசாரகர் மேனுவலாக நடித்த ஆண்ட்ரூ சாக்ஸின் சட்டையில் புகை வருவதற்காக ரசாயனம் தடவியிருந்தார்கள். அது உண்மையிலேயே தோலைச் சுட்டுவிட்டது. அவர் கத்திக்கொண்டு ஓடி வருகிறார், எல்லோரும் சிரிக்கிறார்கள். அதை எந்தத் தொகுப்பில் போடுவீர்கள்?

(இளைஞர் ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் நின்றவர் விளக்கைக் கீழே வைத்துவிட்டார்.)

இளைஞர்: பணம் திருப்பித் தர விதி இல்லை அம்மா. வேறு பொருளாக மாற்றிக்கொள்ளலாம். இதோ, 'ஃபால்ட்டி டவர்ஸ்' முழுப் பெட்டி. 12 பகுதியும் இருக்கிறது. மூன்று பவுண்ட். இன்னும் ஒரு பவுண்ட் கொடுத்தால் போதும்.

அம்மையார்: எத்தனை தட்டு?

இளைஞர்: மூன்று. கடைசித் தட்டில் கூடுதலாகப் படப்பிடிப்புத் தவறுகளும் இருக்கின்றன.

அம்மையார்: ஆக, மூன்றில் ஒன்று பழுது என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். அதைக் கழித்தால் இரண்டு பவுண்ட். நான் கொடுத்ததும் இரண்டு பவுண்ட். கணக்குச் சரியாகிவிட்டது. பையில் போடுங்கள்.

இளைஞர்: (பையில் போட்டுக்கொண்டே) டோஸ்டரையும் மாற்றித் தரட்டுமா அம்மா?

அம்மையார்: வேண்டாம், அது இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மருமகன் வருகிறார்.