தமிழ்ப்பள்ளிக்குத் தனிக் கலைத்திட்டமா?

முதலாம் ஆண்டுப் பதிவு பற்றிய பேச்சு வந்தாலே, மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரப் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: “தமிழ்ப்பள்ளிக் கலைத்திட்டம் வேறு, தரம் குறைந்தது.” இது பொய். இதை நம்பிப் பெற்றோர் பள்ளியை மாற்றுவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

2011இல் முதலாம் ஆண்டில் தொடங்கிய தொடக்கப்பள்ளித் தரக் கலைத்திட்டமே எல்லா அரசாங்கத் தொடக்கப்பள்ளிகளுக்கும் உரியது. தமிழ்ப்பள்ளியில் பயிற்றுமொழிதான் தமிழ். பின்னம் எங்கும் பின்னம்தான். மலாய்மொழிப் பாடத்துக்குத் தேசிய வகைப் பள்ளிகளுக்கென, அதாவது தமிழ், சீனப் பள்ளிகளுக்கென, தனித் தர ஆவணம் (மாணவர் கற்க வேண்டியவற்றை வரையறுக்கும் ஆவணம்) உண்டு. அந்த மாணவர்களில் பெரும்பாலோருக்கு மலாய் தாய்மொழி அல்ல என்பதே காரணம்; தரத்தைக் குறைப்பதற்காக அன்று.

இந்த எண்ணத்துக்கு ஒரு பழைய வேர் இருக்கிறது. 1923 தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட முதலாளி பள்ளி நடத்த வேண்டும் என்றது. ஆலயத்திலும் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலும் நடந்த அந்தப் பள்ளிகளுக்குப் பொதுவான பாடத்திட்டம் இல்லை. நம் தாத்தா பாட்டிமார் கண்டது அதைத்தான். பின்னர் வந்த 1956 ரசாக் கல்வி அறிக்கைதான், மொழி எதுவானாலும் பாட உள்ளடக்கம் ஒன்றாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

கலைத்திட்டம் என்பது பாடநூல் மட்டுமன்று. எத்தகைய மனிதரை உருவாக்குவது என்ற முடிவும் அதில் அடங்கும். 1988இல் வகுக்கப்பட்ட தேசியக் கல்வித் தத்துவம் அறிவு, ஆன்மிகம், உணர்வு, உடல் நான்கும் சமநிலையில் வளர வேண்டும் என்கிறது. 1996 கல்விச் சட்டத்தின் முகவுரையிலும் அது இடம்பெற்றுள்ளது. தோட்டத்துப் பிள்ளைக்கு வேறு தத்துவம் எதுவும் எழுதப்படவில்லை. ஐயம் இருந்தால், பள்ளிக்கே சென்று தர ஆவணத்தைக் காட்டும்படி தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.