சார்ஜைத் தின்பது சிக்னல்தான்
மணிக்கொரு தடவை எல்லா ஆப்பையும் தள்ளி மூடினால் போனின் பேட்டரி மிஞ்சும் என்று இங்கே வந்த கட்டுரை சொல்கிறது. இரண்டு வருடம் அப்படிச் செய்து கட்டைவிரல் தேய்ந்ததுதான் மிச்சம். இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம், மலை மடிப்புக்குள் எங்கள் லயம் (தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு); ஒரு கோடு சிக்னல் வரும், போகும், டவரைத் தேடித் தேடியே போன் சூடாகிவிடும். அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது ஏரோபிளேன் மோடில் போட்டு மடியில் செருகிக்கொள்வார், அந்தியில் பார்த்தால் சார்ஜ் அப்படியே இருக்கும். கட்டுரைக்குக் கருத்தாக ‘ரேம் (ஓடும் ஆப்கள் தங்கும் நினைவகம்) நிறைந்தால் போன் திணறும்’ என்று எழுதியவருக்கு: ரேமில் இடம் போதாவிட்டால் ஆண்ட்ராய்டே பழைய ஆப்பை அங்கிருந்து கழற்றிவிடும். 2015இல் வந்த 6ஆம் பதிப்பிலிருந்து, திரை அணைந்து அசையாமல் கிடக்கும் போனில் பின்னணி வேலைகளை ‘டோஸ்’ என்ற பேட்டரி சேமிப்பு வசதி அடக்கியும் வைக்கிறது. அடிக்கடி திறக்கும் வாட்ஸ்அப்பை மூடினால் மறுபடி முதலிலிருந்து ஏற்றத்தான் கூடுதல் செலவு. நான் கையால் நிறுத்துவது ஒன்றைத்தான்: ஹட்டனில் பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகும் வழி சொல்லிக்கொண்டே இருக்கும் மேப்.