டேக்கார்ட் அப்படிச் சொல்லவில்லை

"புலன்கள் ஏமாற்றும், அதனால் எதையுமே அறிய முடியாது என்று டேக்கார்ட் நிரூபித்துவிட்டார்" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள், அது பாதிக் கதைகூட இல்லை. பிரெஞ்சுத் தத்துவஞானியான அவர் 1641இல் வெளியிட்ட 'தியானங்கள்' நூலில் மொத்தம் ஆறு தியானங்கள், அதாவது ஆறு பகுதிகள். எல்லாமே கனவாக இருக்கலாம், ஒரு தீய சக்தி நம்மை ஏமாற்றிக்கொண்டிருக்கலாம் என்ற சந்தேகங்கள் எல்லாம் முதல் தியானத்திலேயே வந்துவிடும், பலரும் அதோடு மூடி வைத்துவிடுகிறார்கள் போல. சந்தேகம் அவருக்கு வழிமுறைதான், முடிவு இல்லை. இரண்டாவதிலேயே 'நான் இருக்கிறேன்' என்பதை ஐயமில்லாத அறிவாகப் பிடித்துக்கொள்கிறார், ஆறாவதில் புற உலகப் பொருள்களும் இருக்கின்றன என்றே வந்து சேர்கிறார் (நடுவில் கடவுளைத் துணைக்கு அழைப்பது பலவீனமான இடம், அது வேறு சண்டை).

அப்புறம் நீங்கள் ஆதாரமாகக் காட்டிய முல்லர்-லயர் கோடுகள் என்ற கண்மாயப் படம். சம நீளமுள்ள இரண்டு கோடுகளில், முனையிலுள்ள அம்புக்குறி உள்ளே திரும்புகிறதா வெளியே விரிகிறதா என்பதைப் பொறுத்து ஒன்று மட்டும் நீளமாகத் தெரிகிறது, சரி. ஆனால் இரண்டும் சமம் என்று எப்படித் தெரிந்தது? அளவுகோலை வைத்து, கண்ணால் பார்த்துத்தானே! ஒரு பார்வையின் பிழையை இன்னொரு பார்வை திருத்த முடிகிறது என்றால், எதையும் அறிய முடியாது என்ற முடிவு இந்தப் படத்திலிருந்து வராது. அளந்த பிறகும் அந்தக் கோடு நீளமாகவே தெரிந்துகொண்டிருக்கும், ஆகவே கண்ணுக்குத் தெரிவதும் நாம் நம்புவதும் வேறுவேறு என்று காட்ட வேண்டுமானால் தாராளமாக இதைப் பயன்படுத்துங்கள்.