மஞ்சப்பையைக் கேட்ட பொண்ணு

போன மாசம் அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று. குளிர்காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட, ராத்திரி 11 மணிக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மறுநாள் ரவுண்ட்ஸ் முடிந்ததும் வெள்ளைக் கோட்டு போட்ட சின்னப் பெண் ஒருத்தர் வந்தார், அந்த ஆஸ்பத்திரியின் பார்மசிஸ்ட். "வீட்ல போடற மாத்திரையெல்லாம் இருக்கா சார்? சீட்டு வேண்டாம், மாத்திரையையே காட்டுங்க." அம்மாவின் மஞ்சப்பையைக் கட்டிலில் கவிழ்த்தேன்.

ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தவர் மெத்தோட்ரெக்ஸேட்டில் நின்றுவிட்டார். அம்மாவுக்குப் பல வருஷமாக முடக்குவாதம், அதற்குப் போடுகிற மாத்திரை அது.

"இது எப்பப் போடுவீங்கம்மா?"

"ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை, கண்ணு."

கேஸ் ஷீட்டில் தினம் ஒன்று என்றிருந்தது. ராத்திரிப் பதற்றத்தில் "மூட்டுவலி மாத்திரை" என்று மொட்டையாகச் சொன்னது நான்தான். சிஸ்டர் டிரேயில் அன்றைய மாத்திரை தயாராக இருந்தது. போதாததற்குத் தொற்றுக்குக் கோ-டிரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாட்டிக் வேறு.

அந்தப் பெண் அங்கேயே நின்று டாக்டருக்குப் போன் போட்டார். வாரம் ஒருமுறை போட வேண்டியதைத் தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜை அடிவாங்கும், வெள்ளணு சரியும், வாயெல்லாம் புண்ணாகும். உயிரே போனதுண்டு. கோ-டிரைமாக்சசோல் சேர்ந்தால் இன்னும் மோசம், இரண்டுமே ஃபோலிக் அமிலத்தின் வேலையைத்தான் கெடுக்கின்றன. டாக்டரும் முறுக்கிக்கொள்ளவில்லை (எல்லா டாக்டரும் அப்படியில்லை). ஆன்டிபயாட்டிக்கை மாற்றினார், தொற்று தீரும்வரை மெத்தோட்ரெக்ஸேட்டே வேண்டாம் என்றார்.

பார்மசிஸ்ட் என்றால் நமக்குக் கவுன்டருக்குப் பின்னால் பில் போடுகிறவர். ஆனால் இவரைப் போல வார்டில் மருந்தைச் சரிபார்க்கிறவர்களுக்கான பார்ம்.டி. (டாக்டர் ஆஃப் பார்மசி) படிப்பு இங்கே 2008-லேயே வந்துவிட்டது. 6 வருஷம், அதில் கடைசி வருஷம் முழுக்க இன்டர்ன்ஷிப். நோயாளிக்கு மருந்தை விளக்கிச் சொல்வது பார்மசிஸ்ட்டின் கடமை என்று 2015 பார்மசி நடைமுறை விதிகளும் சொல்கின்றன. ஆனால் அந்த ஆஸ்பத்திரி முழுக்க இவர் ஒருத்தர்தான். எல்லா வார்டுக்கும் ஓட வேண்டும். "கூடப் படிச்சவங்க நிறையப் பேர் மெடிக்கல் கோடிங் போயிட்டாங்க சார், அங்கதான் சம்பளம்" என்றார் (இன்சூரன்ஸ் பில்லுக்காக நோயையும் சிகிச்சையையும் குறியீடாக மாற்றுகிற வேலை அது). வரவேற்பில் மூன்று பேரை உட்கார வைக்கிறவர்களுக்கு வார்டுக்கு ஒரு பார்மசிஸ்ட் மட்டும் வீண் செலவாம். டிஸ்சார்ஜ் பில்லில் கையுறைக்குக்கூட ஒரு வரி இருந்தது, இந்தப் பெண் பார்த்த வேலைக்கு இல்லை.

ராத்திரி டியூட்டி டாக்டரை நான் குறை சொல்லவில்லை. தூக்கக் கண்ணோடு எழுதுகிறவருக்குப் பின்னால் இன்னொரு ஜோடிக் கண் வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன்.

கிளம்பும்போது அந்த அட்டையின் மேல் மார்க்கரால் பெரிசாக எழுதிக் கொடுத்தார்: "ஞாயிறு மட்டும். டாக்டர் மறுபடி சொன்ன பிறகு." பார்க்க வருகிற சொந்தக்காரர்களிடம் அம்மா ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்டுவதில்லை, அந்த அட்டையைத்தான் எடுத்துக் காட்டுகிறார்.