பிறப்புக் கல் பட்டியல் பல்லாயிரம் ஆண்டுப் பழமையானதா?

பன்னிரண்டு மாதங்களுக்கும் இன்று வழங்கும் பிறப்புக் கற்களின் பட்டியல் விவிலியக் காலத்திலிருந்தே மாறாமல் வருகிறது என்று ஒரு செய்தி பரவி வருகிறது. அது உண்மையன்று.

விவிலிய நூலான யாத்திராகமம் தலைமைக் குருவான ஆரோனின் மார்க்கவசத்தில் பதித்த பன்னிரண்டு கற்களைக் குறிப்பிடுவது உண்மையே. ஆயினும் அவை இஸ்ரயேலின் பன்னிரண்டு குலங்களைக் குறித்தவை. அவற்றை மாதங்களோடும் இராசிகளோடும் இணைத்துப் பார்க்கலாம் என்ற விளக்கத்தை முதலாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸின் எழுத்தில்தான் காண்கிறோம். அக்கற்களின் எபிரேயப் பெயர்கள் பல இன்று எந்தக் கல்லைச் சுட்டுகின்றன என்பதிலேயே அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இப்போது புழங்கும் பட்டியலோ, 1912ஆம் ஆண்டு அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் கூடிய நகை வணிகர் சங்கம் வகுத்ததன் தொடர்ச்சியாகும். அதுவும் அப்படியே நிற்கவில்லை: 1952இல் ஜூன் மாதத்திற்கு அலெக்சாண்டரைட்டும், 2016இல் ஆகஸ்டு மாதத்திற்கு ஸ்பினெல்லும் சேர்க்கப்பட்டன. எல்லாவற்றையும் விடத் தெளிவான சான்று, 2002இல் டிசம்பர் மாதத்திற்குச் சேர்க்கப்பட்ட டான்சனைட். தான்சானியாவில் அந்தக் கல் கண்டெடுக்கப்பட்டதே 1960களில்தான். அதற்கு முன் அதை யாரும் பிறப்புக் கல்லாக அணிந்திருக்க வழியே இல்லை.

கற்களுக்குக் குறியீட்டுப் பொருள் கூறும் மரபு மிகப் பழமையானது என்பதை நான் மறுக்கவில்லை. செவ்வந்திக்கல்லின் ஆங்கிலப் பெயரான அமெதிஸ்ட், ‘மயங்காதது’ என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அது மதுமயக்கத்தைத் தடுக்கும் என்று கிரேக்கர்கள் நம்பினர்.