துண்டுத் தாளைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு

அந்த மீமை நீங்கள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். இங்கே மறுபடியும் போட்டு அதற்கு நானே விளம்பரம் தேடித் தரப் போவதில்லை. "100" என்று எழுதிய தாளைப் பிடித்தபடி அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் வில்ட் சேம்பர்லின். ஒரே ஆட்டத்தில் அவர் 100 புள்ளி எடுத்தார் என்பதைத்தான் கிண்டலடிக்கிறார்கள். கீழே "ஆதாரம்: ஒரு துண்டுத் தாள்". "அண்ணே, உங்கள் குலசாமி" என்று என்னையும் அதில் கோத்துவிட்ட தம்பிக்குத்தான் இந்தப் பதிவு. நீ வேண்டியவன் என்பதால்தான் இவ்வளவு நீளம்.

காணொளி இல்லை. சரி. காணொளி இல்லாததெல்லாம் நடக்காததா?

1962 மார்ச் 2, பென்சில்வேனியாவில் ஹெர்ஷே, சாக்லேட்டுக்குப் பேர்போன ஊர். வில்டின் அணியான பிலடெல்பியா வாரியர்ஸ் 169, நியூயார்க் நிக்ஸ் 147. தொலைக்காட்சி வரவில்லை, அரங்கில் 4,124 பேர். வில்ட் 63 முறை எறிந்து 36 கூடைகள் போட்டார், ஒவ்வொன்றுக்கும் இரண்டு புள்ளி. ஃபவுலுக்காகக் கிடைக்கும், ஒரு புள்ளி மதிப்புள்ள ஃப்ரீ த்ரோவில் 32க்கு 28. மூன்று புள்ளி எறிதல் என்பதே அப்போது அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் கிடையாது. 36ஐ இரண்டால் பெருக்கி 28ஐக் கூட்டிப் பார். மூன்றாம் வகுப்புக் கணக்குதான்.

அந்தத் தாளில் எண்ணை எழுதியவர் வாரியர்ஸின் புள்ளிவிவரக்காரர் ஹார்வி பொல்லாக். அன்றிரவு செய்தி நிறுவனங்களுக்கும் அவரேதான் செய்தி எழுதினார். அதாவது, உன்னைச் சிரிக்க வைத்த அந்தத் தாளை எழுதிய கைதான் அன்றைய கணக்கையும் எழுதியது. கடைசிக் கால் பகுதி ஆட்டத்தின் வானொலி வர்ணனை இன்றும் இருக்கிறது. நள்ளிரவில் மறு ஒலிபரப்பானபோது ஒரு கல்லூரி மாணவர் பதிவு செய்து வைத்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதைப் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளில் சேர்த்திருக்கிறது. கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய். மீமில் ஒலி வராது.

"கடைசி நிமிடங்கள் கேலிக்கூத்து" என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். பந்து வில்டிடம் போகக் கூடாது என்று நிக்ஸ் மற்றவர்கள் மேல் வேண்டுமென்றே ஃபவுல் செய்தது. பந்தைத் திரும்பப் பிடுங்க வாரியர்ஸும் அதையே செய்தது. அழகான ஆட்டம் என்று நான் எப்போது சொன்னேன்? நடந்தது என்றுதான் சொல்கிறேன்.

"அந்தக் காலத்தில் எதிரே நின்றவர்கள் சொத்தை" என்பவர்களுக்கு ஒரே வார்த்தை: பில் ரசல். அதே பருவத்தில் வில்டுக்கு எதிராக ஆடிய, தடுப்பாட்டத்தில் தலைசிறந்தவர். அந்தப் பருவம் முழுக்க, 80 ஆட்டங்களில், வில்டின் சராசரி ஆட்டத்துக்கு 50.4 புள்ளி. போதும்.

இன்னொரு என்பிஏ வீரர் கோபி பிரையன்ட் 2006இல் ஒரே ஆட்டத்தில் அடித்த 81 புள்ளிக்குக் காணொளி இருக்கிறதாம், அதனால் அதுதான் நிஜமாம். இன்று எந்தக் காணொளியைக் காட்டினாலும் "கணினியில் செய்தது" என்று சொல்வதும் இதே கூட்டம்தான். பார்த்தாலும் நம்ப மாட்டீர்கள், பார்த்தவர் சொன்னாலும் நம்ப மாட்டீர்கள்.

என் அப்பா கபடி ஆடியவர். 1974இல் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமப் போட்டியில், கடைசியாகப் பாடிச் சென்று நான்கு பேரைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பினார் என்பது வீட்டில் ஆயிரம் முறை கேட்ட கதை. சாட்சி, பரிசாகக் கிடைத்த ஓர் எவர்சில்வர் குடம். அதில் பெயர் வெட்டியவர் தலைப்பெழுத்தை மாற்றி வெட்டிவிட்டார். "இது வேறு யாருடைய குடமோ" என்று பன்னிரண்டு வயதில் நான் நக்கலடித்தேன். எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவும் சிரித்தார். அதற்குப் பிறகு அந்தக் கதையை அவர் என்னிடம் சொல்லவே இல்லை. கூட ஆடியவர்களில் இப்போது யாரும் உயிரோடு இல்லை.

சிறுபிள்ளைத்தனமாகக் கோபப்படுகிறேன் என்கிறாயா? படுகிறேன். வில்ட் 1999இலேயே போய்விட்டார், இந்த மீமால் அவருக்கு ஒன்றும் ஆகப் போவதில்லை என்பதும் தெரியும்.

குடம் இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. படம் பிடித்து இங்கே போடலாம் என்று கைப்பேசியை எடுத்தேன். வேண்டாம் என்று வைத்துவிட்டேன். "ஆதாரம்: ஒரு குடம்" என்று நாளைக்கே செய்துவிடுவாய்.